மென்மையான நெஞ்சின் உறுதி: நூர் இனாயத் கான்

வீரப் பெண்மணிகள் என்றதும் வேலு நாச்சியாரும் ஜான்சி ராணி இலட்சுமிபாயும் நம் கண்முன் வருகின்றனர். வாளேந்திக் குதிரைமீது வீற்றிருக்கும் அவர்களின் தோற்றம் நமக்குப் பழக்கமானது. வீணை மீட்டிய விரல்களைக் கொண்டே ஒரு பெரும் கொடுங்கோன்மையை எதிர்த்து நின்ற பெண் ஒருவரும் வரலாற்றில் உண்டு. அவர் துப்பாக்கியைக் கண்டு மிரண்டவர். பொய் சொல்லக் கூசியவர். அவர்தான் நூர் இனாயத் கான்.

பிறப்பும் குலமும்

நூர் 1914ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ரஷ்ய நாட்டின் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவில் பிறந்த இசை மேதை, சூஃபி ஞானி. தாய் ஓரா ரே பேக்கர் அமெரிக்கப் பெண்மணி. மணமானபின் அமீனா பேகம் என்று பெயர் பூண்டார். தந்தை வழியில் நூர், மைசூர்ப் புலி எனப் போற்றப்படும் திப்பு சுல்தானின் வழித்தோன்றல் ஆவார்.

1799இல் திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தாரை ஆங்கிலேயர் நம் தமிழகத்து வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். 1806இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் குலத்தில் வந்தவர்தான் நூர். ஆயினும் அவர் வளர்ந்த வீட்டில் போர்க் கதைகள் ஒலிக்கவில்லை. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையும் வாய்மையுமே தந்தை ஊட்டிய பாடங்கள்.

சிறு தாய்

குடும்பம் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள சுரேன் என்னும் ஊரில் குடியேறியது. 1927இல் இந்தியாவுக்கு வந்திருந்த தந்தை டில்லியில் காலமானார். தாய் துயரத்தில் ஆழ்ந்து அறையை விட்டு வெளிவராமல் கிடந்தார். அப்போது நூருக்கு வயது 13. தம்பியர் இருவரையும் தங்கையையும் கவனிக்கும் பொறுப்பு அந்தச் சிறுமியின் தோளில் விழுந்தது.

வீட்டுச் சுமையோடு கல்வியையும் அவர் விடவில்லை. சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். இசைப் பள்ளியிலும் சேர்ந்தார். யாழ் போன்ற ஹார்ப் என்னும் இசைக்கருவியை வாசித்தார், வீணையும் அறிவார். குழந்தைகளுக்குக் கதை எழுதினார். அவை வானொலியிலும் ஒலித்தன. புத்தரின் முற்பிறவிக் கதைகளில் இருபதைத் தேர்ந்து, 1939இல் நூலாக வெளியிட்டார்.

அவற்றுள் ஒன்று குரங்கரசனின் கதை. வில்லாளர்கள் மாமரத்தைச் சூழ்ந்துகொள்ள, குரங்குக் கூட்டம் தப்ப வழியின்றித் தவிக்கிறது. குரங்கரசன் ஆற்றைத் தாண்டி, அக்கரையில் கட்டிய மூங்கிலைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு தாவி வருகிறான். மூங்கிலின் நீளம் சற்றே போதவில்லை. மீதி இடைவெளிக்குத் தன் உடலையே பாலமாக்குகிறான். எல்லாக் குரங்குகளும் அவன் முதுகின்மேல் நடந்து பிழைக்கின்றன. அவன் முதுகு முறிகிறது. செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவும் குரங்குகளைப் பார்த்து வளரும் நமக்கு இக்கதை எளிதில் மனத்தில் பதியும். நூருக்கோ அது வாழ்க்கையாகவே அமைந்தது.

அறத்தின் சோதனை

1940இல் ஹிட்லரின் படைகள் பிரான்சைக் கைப்பற்றின. நூரின் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தது. கொல்லாமையைப் போற்றிய நூரும் தம்பி விலாயத்தும் தமக்குள் நெடிது சிந்தித்தனர். ஓர் இனத்தையே அழிக்கத் துணிந்தவர்களைக் கண்டும் கைகட்டி நிற்பது அறமாகுமா? கூடாது என்று முடிவு செய்தனர். பிறர் உயிரைப் பறிக்காமல் தம் உயிரைப் பணயம் வைக்கும் பணியையே நாடினர்.

1940 நவம்பரில் நூர் விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். அதிகாரிகள் நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, போர் முடிந்தபின் தாம் இந்தியாவின் பக்கமே நிற்கப்போவதை மறைக்காமல் தெரிவித்தார். ஆங்கிலேயரின் சீருடை அணிந்துகொண்டே அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

பின்னர் இரகசியப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பயிற்சி தந்தவர்களில் சிலர், இவர் இளகிய மனத்தினர், ஒற்றர் வேலைக்கு உதவார் என்றே குறிப்பெழுதினர். ஆனால் பிரெஞ்சு மொழியைச் சரளமாகப் பேசும் தந்தியாளர்கள் அரியர். 1943 ஜூன் 16ஆம் நாள் இரவு ஒரு சிறு விமானம் அவரைப் பிரான்சில் இறக்கியது. அவ்வாறு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தியாளர் அவரே. அவருடைய இரகசியப் பெயர் மதலேன்.

தனிமையில் ஒரு குரல்

வந்த சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் கூட்டம் கூட்டமாகப் பிடிபட்டனர். திரும்பி வந்துவிடுமாறு இலண்டன் அழைத்தது. நூர் மறுத்தார். தாம் போய்விட்டால் பாரிசிலிருந்து செய்தி அனுப்ப ஆளில்லாமற் போகுமே என்பது அவர் கவலை.

தந்திக் கருவியைப் பெட்டியில் சுமந்து வீடுவீடாக இடம் மாறினார். ஒலி வரும் திசையைக் கண்டுபிடிக்கும் வண்டிகள் தெருத்தெருவாக அலைந்தன. தந்தியாளர் ஒருவர் 6 வாரம் பிடிபடாமல் இருப்பதே அரிது என்று கருதப்பட்ட காலம் அது. நூர் ஏறத்தாழ 4 மாதம் தாக்குப்பிடித்தார். ஒருமுறை இரயிலில் ஜெர்மானியர் பெட்டியைப் பற்றி வினவ, அது சினிமாப் படம் காட்டும் கருவி என்று சொல்லித் தப்பினாராம். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த விலக்கு இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

சிறையும் முடிவும்

1943 அக்டோபரில் பணத்தாசையால் காட்டிக்கொடுக்கப்பட்டு நூர் பிடிபட்டார். அனுப்பிய செய்திகளின் படிகளை அவர் ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்தார். அது பகைவர் கையில் சிக்கியது. அவர் பெயரால் அவர்கள் பொய்ச் செய்தி அனுப்ப, அதனை இலண்டன் நம்பியதால் வேறு சிலரும் பிடிபட்டனர். இத்துயரத்தையும் வரலாறு மறைக்கவில்லை. ஆனால் விசாரணையில் நூரின் வாயிலிருந்து தோழர்களின் பெயர் ஒன்றுகூட வெளிவரவில்லை.

இருமுறை தப்பிக்க முயன்றார். இரண்டாம் முறை கூரை வழியே சென்றும் அகப்பட்டார். இனித் தப்ப முயல்வதில்லை என்று வாக்களித்துக் கையொப்பமிட்டால் கடுங்காவல் இல்லை என்றனர். பொய்யாகவேனும் கையொப்பமிட்டிருக்கலாம். அவர் இடவில்லை. அதனால் ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம் சிறையில் சுமார் 10 மாதம் கையிலும் காலிலும் சங்கிலியுடன் தனியே அடைபட்டுக் கிடந்தார்.

1944 செப்டம்பரில் அவரும் வேறு மூன்று பெண்களும் டாக்காவ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருக்கள் சிறைப்பட்டு வாடிய முகாம் அது. செப்டம்பர் 13ஆம் நாள் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூருக்கு அப்போது வயது 30.

பிரான்சு அவருக்குக் குருவா தெ கேர் என்னும் போர்ச் சிலுவை விருதை அளித்தது. 1949இல் பிரிட்டன் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கியது. 2012இல் இலண்டன் கார்டன் சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை திறந்து வைக்கப்பட்டது.

அன்பு மாணவியரே! பயந்த சுபாவம் உடையவள், மிகவும் மென்மையானவள் என்று நம்மில் சிலரைப் பற்றிப் பிறர் கூறுவதுண்டு. நூரைப் பற்றியும் அப்படித்தான் எழுதி வைத்தனர். அவருடைய அச்சம் அவரை விட்டு நீங்கியதோ இல்லையோ, தம்மை நம்பியவர்களை அவர் கைவிடவில்லை. தோழியின் மறைபொருளைக் காப்பதும், கொடுத்த வாக்கைப் பேணுவதும், பிறர் துன்பம் கண்டு ஒதுங்காமல் நிற்பதும் இந்தப் பள்ளிப் பருவத்திலேயே நாம் பழகக்கூடியவை. பிறர் கரையேறத் தம்மையே பாலமாக்கிய அந்த நங்கையின் நினைவு நமக்கு வழிகாட்டுவதாக!