சிலேத்தாரில் இறங்கிய பறக்கும் படகு

ஆர். ஜே. மிட்செல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ‘ஸ்பிட்ஃபயர்’ போர் விமானம். அது உருவாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அவர் வடிவமைத்த வேறு விமானங்கள் நம் சிலேத்தார் கரைக்கு வந்துவிட்டன.

1895ல் இங்கிலாந்தில் பிறந்த மிட்செல், பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர். 16 வயதில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் பொறியியல், கணித வகுப்புகள். முதல் உலகப் போர்க் காலத்தில் சவுத்ஹேம்டனில் இருந்த ‘சூப்பர்மரின்’ விமான நிறுவனத்தில் இணைந்தார். 24 வயதிலேயே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். அந்த வயதை நெருங்கும் என்னைப் போன்ற மாணவர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்!

அந்நிறுவனத்தின் சிறப்பு, பறக்கும் படகுகள். இவற்றில் விமானத்தின் உடலே படகு. நீரில் மிதக்க வேண்டும். போதிய வேகம் வந்ததும் நீரை விட்டு மேலெழவும் வேண்டும். ஆனால், வழவழப்பான வளைந்த அடிப்பகுதியை நீர் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடிப்பகுதியில் படிபோல ஒரு வெட்டு வைப்பார்கள். அந்த இடத்தில் காற்று புகுந்ததும் நீரின் பிடி விட்டுவிடும்.

1925ல் பறந்த மிட்செலின் ‘சவுத்ஹேம்டன்’ விமானத்துக்கு முதலில் மர உடல். மரம் சுமார் 180 கிலோ நீரை உறிஞ்சிக்கொள்ளக்கூடியது. அத்தனையையும் சுமந்துகொண்டு பறக்க வேண்டும்! அடுத்த வகையில் மரத்துக்குப் பதிலாக, ‘டுராலுமின்’ எனும் அலுமினியக் கலவை வந்தது. நீர் ஊறும் தொல்லை நீங்கியது. உடலின் எடையும் 200 கிலோவுக்கு மேல் குறைந்தது.

இந்த உலோகப் படகுகள் நான்கு, 1927 அக்டோபரில் பிளிமத்திலிருந்து புறப்பட்டன. இந்தியா, இலங்கை வழியாக 1928 பிப்ரவரி 28ஆம் தேதி சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் ஆஸ்திரேலியாவைச் சுற்றி, ஹாங்காங்கும் சென்று திரும்பின. மொத்தம் ஏறத்தாழ 43,000 கிலோமீட்டர். அந்த அணியே 1929ல் சிலேத்தாரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 205ஆம் பிரிவானது.

மிட்செல் வேகத்தையும் விடவில்லை. அவரது ‘எஸ்.6பி’ கடல் விமானம் 1931ல் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டியது. 1933ல் அவருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. வலியோடு வேலைக்குத் திரும்பினார். 1936 மார்ச்சில் முதல் ஸ்பிட்ஃபயர் பறந்ததைக் கண்ணால் கண்டார்.

1937 ஜூன் 11ஆம் தேதி, 42 வயதில் அவர் காலமானார். மறுநாள், கடல் விமானங்களும் வந்திறங்கும் வசதியுடன் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது.