அடைக்கலம் தந்த அமீர்

மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் ஹபஷாவுக்குச் சென்ற நபித்தோழர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். இதனை நாம் சிறு வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் தலைவர் ஒருவரின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர்.

1808ஆம் ஆண்டு அல்ஜீரியாவின் மஸ்கரா நகருக்கு அருகே அவர் பிறந்தார். தந்தை முஹ்யித்தீன், காதிரிய்யா தரீக்காவின் மதிப்புக்குரிய ஷெய்கு. இளம் வயதிலேயே அல்குர்ஆனை மனனம் செய்த அப்துல் காதிர், தந்தையுடன் ஹஜ்ஜுக்குச் சென்று, திமிஷ்க், பக்தாத் நகரங்களையும் கண்டு திரும்பினார். கிதாபுகளோடும் குதிரைகளோடும் அமைதியாகக் கழிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது. 1832இல் மேற்குப் பகுதிக் கோத்திரத்தார் ஒன்றுகூடி, 24 வயதே நிரம்பிய அவரைத் தமது அமீராக ஏற்று பைஅத் செய்தனர். அன்று முதல் 15 ஆண்டுகள் அவர் பிரான்ஸை எதிர்த்து நின்றார். போரிலும் அவர் மார்க்க வரம்பை மீறவில்லை. கைதிகளைக் கொல்வதையும் துன்புறுத்துவதையும் தடை செய்தார். உணவளிக்க வழியில்லாத ஒரு வேளையில் கைதிகளை விடுதலையே செய்துவிட்டார். பெண் கைதிகளை அவருடைய தாயார் ஸுஹ்ரா பராமரித்தார்.

1847 டிசம்பரில், மக்களின் அழிவை மேலும் காணச் சகியாமல், தம்மை முஸ்லிம் நாடொன்றுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவர் சரணடைந்தார். பிரான்ஸ் வாக்குறுதியை மீறியது. துலோன், போ, அம்புவாஸ் என்று ஐந்து ஆண்டுகள் கோட்டைகளில் அடைத்து வைத்தது. அம்புவாஸ் தோட்டத்தில் அவருடைய குடும்பத்தினரும் தோழர்களுமாக 20 பேருக்கு மேல் அடக்கம் செய்யப்பட்டனர். 1852இல் விடுதலை பெற்ற அமீர், துருக்கியின் பூர்ஸாவில் சில காலம் தங்கி, 1855இல் திமிஷ்க்கில் குடியேறினார். அங்கே மார்க்கக் கல்வி போதிப்பதில் அவருடைய நாட்கள் கழிந்தன.

இப்படி நாட்டையும் உறவுகளையும் இழந்த ஒருவருக்கு, இழக்கச் செய்தவர்களின் மதத்தவர் மீது வெறுப்பு வந்தால் அதில் வியப்பில்லை. 1860இல் அவருக்குச் சோதனை அந்த வடிவத்தில்தான் வந்தது.

அவ்வாண்டு லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே போர் மூண்டு, அதன் அனல் திமிஷ்க்கையும் தொட்டது. உஸ்மானிய அரசு 1856இல் எல்லா மதத்தவருக்கும் சம உரிமை அறிவித்தது முதல் அங்கே மனக்கசப்பு புகைந்து கொண்டிருந்தது. வரித் தகராறும் வியாபாரப் போட்டியும் அதற்கு எண்ணெய் ஊற்றின. வரப்போகும் ஆபத்தை உணர்ந்த அமீர் ஆளுநரை எச்சரித்தார், பயன் கிட்டவில்லை.

ஜூலை 9ஆம் திகதி கிறிஸ்தவர் வாழும் பகுதிக்குள் கும்பல்கள் புகுந்தன. வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. ஆளுநரின் படை அதைத் தடுக்கவில்லை. அமீர் தம்முடன் இருந்த அல்ஜீரியர்களை அழைத்துக்கொண்டு எரியும் தெருக்களில் இறங்கினார். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், துறவிகள், வெளிநாட்டுத் தூதர்கள் என எவரைக் கண்டாலும் தமது இல்லத்துக்கு அழைத்து வந்தார். கிறிஸ்தவர் ஒருவரை உயிரோடு கொண்டு வருபவருக்குப் பணம் தருவதாக அறிவித்தார். கொல்ல நினைத்தவன்கூடக் காப்பாற்றிக் கொண்டு வரட்டும் என்பதே அவருடைய எண்ணம்.

வீடு நிரம்பியதும் மக்களைச் சிறு சிறு குழுக்களாகத் தம் ஆட்களின் பாதுகாப்பில் நகரக் கோட்டைக்கு அனுப்பினார். கும்பல் அவருடைய வாசலுக்கே வந்து, உள்ளே இருப்பவர்களை ஒப்படைக்குமாறு கேட்டது. அமீர் வெளியே வந்து, குற்றமற்றவர்களைக் கொல்வது இஸ்லாத்துக்கு மாறானது என்று எடுத்துரைத்தார். தம் ஆட்களில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை எவரையும் தர முடியாது என்றும் மறுத்தார். கும்பல் கலைந்தது. மைதான் பகுதி முஸ்லிம் பிரமுகர்களும் தம் கிறிஸ்தவ அயலவர்களைக் காத்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட அந்த நாட்களில், அமீரால் உயிர் பிழைத்தவர்களும் பல்லாயிரவர். கடமை தவறிய ஆளுநருக்குப் பின்னர் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவரைச் சிறை வைத்த பிரான்ஸே அவருக்கு உயரிய விருதை அளித்தது. அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இரு கைத்துப்பாக்கிகளைப் பரிசாக அனுப்பினார். ரஷ்யாவில் கைதியாக இருந்த காக்கேஷிய வீரர் இமாம் ஷாமில் பாராட்டிக் கடிதம் எழுதினார். அமீரோ, தாம் செய்தது மார்க்கமும் மனிதநேயமும் விதித்த கடமை மட்டுமே என்று கருதினார்.

1883 மே 26இல் அவர் திமிஷ்க்கில் வபாத்தானார். சுதந்திர அல்ஜீரியா 1966இல் அவருடைய ஜனாஸாவைத் தாயகத்துக்குக் கொண்டு சென்று நல்லடக்கம் செய்தது.

அன்புச் சகோதரிகளே, எவரோ செய்த அநியாயத்துக்கு அவருடைய மதத்தைச் சேர்ந்த இன்னொருவரிடம் பழி தீர்ப்பது எளிது; கும்பலோடு சேர்ந்து நடப்பது அதைவிட எளிது. சிறுபான்மையாக வாழும் நாம், நமக்கு ஆபத்து வரும்போது அயலவர் கதவைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் கதவை இன்னொருவர் தட்டும் நாளில் நாமும் திறப்போமா? இக்கேள்வியைத்தான் அமீரின் வாழ்க்கை நம்மிடம் விட்டுச் செல்கிறது.