விண்மீன்களுக்கு எல்லை வகுத்தவர்

நுழையும்முன்

முயற்சி நம் கையில் இருக்கிறது. முடிவோ பெரும்பாலும் பிறர் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பிய நாளுக்கும் விடை வந்து சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை எவ்வாறு கழிக்கிறோம் என்பதே ஒருவரின் உள்ளத்திண்மையைக் காட்டுகிறது. அத்தகைய காத்திருப்புகள் பலவற்றைக் கடந்து வானியற்பியலில் நிலைத்த புகழ் பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மயிலாப்பூரில் வளர்ந்த அவரது இளமைக்கால வாழ்வை அறிவோம்.

வீடும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். கருநாடக இசையில் ஆழ்ந்த புலமை உடையவர். தாய் சீதாலட்சுமி நூல்களின்மீது தீராத பற்றுக் கொண்டவர். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகமொன்றைத் தமிழில் தந்தவர். நான்கு ஆண்மக்களும் ஆறு பெண்மக்களுமாகப் பதின்மர் பிறந்த அக்குடும்பத்தில் சந்திரசேகர் மூன்றாவது குழந்தை; ஆண்மக்களுள் மூத்தவர். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா ஆவார்.

1918இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் மயிலாப்பூரில், எட்வர்டு எலியட்ஸ் சாலையில் தந்தை கட்டிய வீட்டுக்குச் சந்திர விலாஸ் என்று பெயரிடப்பட்டது. அச்சாலை இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்குகிறது. பன்னிரண்டு வயதுவரை சந்திரசேகர் பெற்றோரிடமும் வீட்டுக்கு வந்து கற்பித்த ஆசிரியர்களிடமுமே பயின்றார். அதன்பின் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பத்து வயதுகூட நிரம்பாத காலத்தில் நிகழ்ந்த ஒன்று அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கணித மேதை இராமானுஜன் மறைந்த செய்தியைத் தாய் அவருக்குக் கூறினார். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவர் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பெற்றதும், மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றதும், அங்குள்ள டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அன்று தமிழ்நாடே பெருமையோடு பேசிய செய்திகள். தம்மைப் போன்ற சூழலில் பிறந்த ஒருவரால் அறிவுலகின் உச்சியை எட்ட முடியும் என்னும் எண்ணம் அச்சிறுவனின் உள்ளத்தில் அன்றே விதையாக விழுந்தது.

தந்தையின் விருப்பமும் மகனின் நாட்டமும்

1925இல் சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதச் சிறப்புப் பட்டம் பயிலவே அவர் விரும்பினார். தந்தையின் எண்ணமோ வேறாக இருந்தது. மகன் இந்தியக் குடிமைப் பணித் தேர்வெழுதி உயர்பதவி பெற வேண்டும் என அவர் கருதினார். அதற்கு இயற்பியலே துணைபுரியும் என்றும் நம்பினார். மகன் தந்தையின் சொல்லை மீறவில்லை. தம் நாட்டத்தையும் விட்டுவிடவில்லை. இயற்பியல் மாணவராகப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கணிதத் துறை வகுப்புகளுக்கும் சென்று பயின்றார்.

1928இல் செருமானிய அறிஞர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அவரது நூலை முன்பே கற்றிருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். தாம் கற்ற இயற்பியல் பழமையாகிவிட்டது என்பதையும், அண்மையில் தோன்றிய குவாண்டம் கொள்கை அனைத்தையும் மாற்றிவிட்டது என்பதையும் அவர் வாயிலாக அறிந்தார். அச்செய்தி வேறு மாணவர் எவரையும் சோர்வடையச் செய்திருக்கும். சந்திரசேகரோ சோமர்ஃபெல்டு அளித்த அச்சேறாத கட்டுரையின் படிகளைப் பெற்றுவந்து, புதிய கொள்கையைத் தாமே முயன்று கற்றார்.

சில மாதங்களுக்குள் முழுமையான ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதினார். விண்மீன்களுக்குக் குவாண்டம் கொள்கையைப் பொருத்திக் காட்டிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர். எச். ஃபௌலருக்கு 1929ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதனை அனுப்பினார். கப்பல் வழியே செல்லும் அஞ்சல் இங்கிலாந்தை அடையவே வாரங்கள் பல ஆகும். முன்பின் அறியாத பதினெட்டு வயது மாணவனின் கட்டுரையை அறிஞர் ஒருவர் படிப்பாரா என்ற ஐயமும் இருந்தது. எனினும் விடை வந்தது. சில திருத்தங்களைக் கூறி, அரச கழகத்தின் ஆய்விதழில் அக்கட்டுரை வெளிவர ஃபௌலர் வழிசெய்தார். இதுவே சந்திரசேகரின் எதிர்காலத்தைத் திறந்த முதற்கதவு.

உதவித்தொகையும் உள்ளப் போராட்டமும்

1930ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாநிலக் கல்லூரியின் முதல்வர் ஃபைசன், சந்திரசேகரை அழைத்து ஒரு செய்தியைத் தெரிவித்தார். இங்கிலாந்தில் ஆய்வு மேற்கொள்வதற்கான இந்திய அரசின் உதவித்தொகைக்கு அவருடைய பெயர் கருதப்படுகிறது என்பதே அது. அறிவுத்தாகம் கொண்ட இளைஞர் எவருக்கும் கிட்டற்கரிய வாய்ப்பு அது. ஆயினும் மகிழ்ச்சியோடு கவலையும் அவரைச் சூழ்ந்தது. தாய் சீதாலட்சுமி நோய்வாய்ப்பட்டிருந்தார். அவரது உடல்நிலை நாளுக்கு நாள் நலிந்துவந்தது.

ஒருபுறம் அரசின் முறையான ஆணைக்கான காத்திருப்பு. மறுபுறம் சிறப்புப் பட்டத்தின் இறுதித் தேர்வு. வீட்டிலோ தாயின் நோய். இம்மூன்றுக்கும் இடையே அந்த மாதங்கள் கழிந்தன. ஆணை வாராது போனால் கேம்பிரிட்ஜ் கனவு கலையும். வந்துவிட்டாலோ தாயைப் பிரிய நேரும். விடை எதுவாயினும் அது ஏதோவோர் இழப்பையும் உடன்கொண்டு வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உதவித்தொகை உறுதியானது. இயற்பியலில் சிறப்புப் பட்டமும் பெற்றார். ஆனால், நோயுற்ற தாயை விட்டு மூத்த மகன் கடல் கடந்து செல்வது முறையன்று என உறவினர் சிலர் எண்ணினர். சந்திரசேகரும் தயங்கினார். அத்தயக்கத்தை நீக்கியவர் தாயே ஆவார். தம் நோயைக் காரணமாகக் கொண்டு மகன் பயணத்தைக் கைவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மகன் தமக்கு மட்டும் உரியவன் அல்லன் என்பதே அவர் எண்ணம். ஈன்று புறந்தருதல் தாயின் கடன் எனப் போற்றிய மண்ணில், ஈன்ற மகனை உலகுக்குத் தருதலையும் தம் கடனாக ஏற்றார் அத்தாய்.

கடற்பயணத்தில் ஒரு கண்டுபிடிப்பு

1930ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளித்தது. ஏடன் துறைமுகத்தைக் கடந்து கடல் அமைதியுற்றதும் சந்திரசேகர் காகிதமும் எழுதுகோலுமாக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்தபின் என்னவாகும் என்பதே அவர் ஆராய்ந்த வினா. எரியும் காலத்தில் உள்ளிருந்து எழும் வெப்பத்தின் அழுத்தம், ஈர்ப்பு விசையால் விண்மீன் நொறுங்கிவிடாமல் தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் அது சுருங்கி, மிகுந்த அடர்த்தியுடைய வெண்குறுமீன் ஆகிறது. அந்நிலையில் நெருக்கமாக அடைபட்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே அதனைத் தாங்குகிறது என ஃபௌலர் விளக்கியிருந்தார். எல்லா விண்மீன்களும் இவ்வாறே அமைதியாக முடிவெய்தும் என அக்கால அறிஞர்கள் கருதினர்.

சந்திரசேகர் அக்கணக்கில் ஒரு குறையைக் கண்டார். அத்தகைய அடர்த்தியில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் விரைவுடன் இயங்கும். ஆகவே ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வாறு கணக்கிட்டபோது வியப்பான முடிவு கிடைத்தது. குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீனை எலக்ட்ரான்களின் அழுத்தத்தால் தாங்க இயலாது. அது வெண்குறுமீனாக நிலைபெறாது. பிற்காலத்தில் செம்மைப்படுத்தப்பட்ட கணக்கின்படி அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். இன்று அது சந்திரசேகர் எல்லை என வழங்கப்படுகிறது.

தொலைவில் ஒரு துயரம்

இலண்டனை அடைந்ததும் மற்றொரு தடை எதிர்ப்பட்டது. கேம்பிரிட்ஜில் அவரைச் சேர்ப்பதில் சிக்கல் எழுந்தது. உதவித்தொகை இருந்தும் கல்லூரியில் இடம் உறுதியாகவில்லை. ஃபௌலர் தலையிட்ட பின்னரே டிரினிட்டி கல்லூரியின் வாயில் திறந்தது.

கேம்பிரிட்ஜின் முதலாண்டு தனிமை நிறைந்ததாக இருந்தது. சென்னையில் முதன்மை மாணவராக விளங்கியவர், டிராக், எடிங்டன் போன்ற மேதைகளுக்கிடையே தம்மை மிகச் சிறியவராக உணர்ந்தார். நாளின் பெரும்பகுதியைப் படிப்பிலேயே செலவிட்டார். தந்தைக்குத் தவறாமல் மடல் எழுதினார். 1931ஆம் ஆண்டு மே மாதம் அவர் அஞ்சியிருந்த செய்தி வந்தது, தாய் மறைந்துவிட்டார். இறுதியாக ஒருமுறை முகம் காணவும் இயலாத தொலைவில் அவர் இருந்தார். தாய் விரும்பி அளித்த விடையை வீணாக்காதிருப்பதொன்றே அவர் செய்யக்கூடிய கைம்மாறாக இருந்தது.

பட்டியலில் ஒரு பெயர்

1933இல் சந்திரசேகர் முனைவர் பட்டம் பெற்றார். மூன்றாண்டு உதவித்தொகையும் முடிவுக்கு வந்தது. இனி நாடு திரும்ப வேண்டும். இல்லையேல் ஐரோப்பாவில் தங்குவதற்கு வேறு வழி காண வேண்டும். அவர் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவிக்கு விண்ணப்பித்தார். கடும் போட்டிக்குரிய பதவி அது. இந்தியர்களுள் இராமானுஜன் ஒருவரே அதுவரை அப்பெருமையைப் பெற்றிருந்தார். ஆதலால் தாம் தேர்ந்தெடுக்கப்படுவோம் என்னும் நம்பிக்கை சந்திரசேகருக்குச் சிறிதளவே இருந்தது.

ஆயினும் முடிவை எண்ணி அவர் முடங்கிவிடவில்லை. ஆக்சுபோர்டு சென்று மில்ன் என்னும் அறிஞருடன் பணியாற்ற ஏற்பாடு செய்துகொண்டார். முடிவு வெளியாகும் நாளன்று உடைமைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வாடகை வண்டியில் இரயில் நிலையத்துக்குப் புறப்பட்டார். வழியில் டிரினிட்டி கல்லூரி வாயிலில் வண்டியை நிறுத்தச் செய்து, ஒட்டப்பட்டிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது. தாய் சொல்லக் கேட்ட இராமானுஜனின் வரிசையில் தாமும் இடம்பெற்றதை அவர் கண்டார். அச்செய்தியைக் கேட்டு மகிழத் தாய்தான் இல்லை.

மறுப்பும் ஏற்பும்

1935ஆம் ஆண்டு சனவரி மாதம் இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேசிய எடிங்டன், விண்மீன்கள் அவ்வாறு நடந்துகொள்ள இயற்கை இடந்தராது என்னும் கருத்தில் அம்முடிவுகளை அவையோர் நகைக்கும்படி மறுத்துரைத்தார். அன்றைய வானியல் உலகில் எடிங்டனின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. இளைஞரின் கணக்கு சரியென அறிந்த இயற்பியலாளர் சிலரும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை.

சந்திரசேகர் கசப்பை வளர்க்கவில்லை. எடிங்டனிடம் கொண்ட மதிப்பையும் இழக்கவில்லை. 1936இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு இளையவராக இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். அப்பயணத்தின்போது பேராசிரியர் ஹார்டியின் வேண்டுகோளுக்கிணங்க இராமானுஜனின் துணைவியார் சானகி அம்மாளைக் கண்டு, இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தைத் தேடிப் பெற்றார். உலகம் இன்று நன்கறிந்த இராமானுஜன் முகம் அப்படத்தில் உள்ளதே.

1937இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எர்க்சு வானாய்வகத்தில் பணியேற்றார். விண்மீன் அமைப்பைப் பற்றிய தம் ஆய்வுகளை நூலாக எழுதி முடித்து, வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையை ஆழ்ந்து கற்று, நூலாக வடித்து, மீண்டும் மாணவனைப்போல் அடுத்த துறையில் நுழைவது அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் வானியற்பியல் ஆய்விதழின் பொறுப்பாசிரியராகவும் விளங்கினார்.

காலம் செல்லச் செல்ல அவரது கணக்கு சரியென உலகம் ஏற்றது. நியூட்ரான் விண்மீன்கள், கருந்துளைகள் பற்றிய அறிவுக்கு அது அடித்தளமாயிற்று. 1983இல் வில்லியம் ஃபௌலர் என்னும் அமெரிக்க அறிஞருடன் இணைந்து இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கப்பலில் அக்கணக்கைத் தொடங்கிய நாளுக்கும் பரிசு வந்த நாளுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் அவர் மறைந்தார். 1999இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனம் விண்ணில் செலுத்திய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா எனப் பெயரிடப்பட்டது.

மடலுக்காக, ஆணைக்காக, பட்டியலுக்காக, உலகின் ஏற்புக்காக எனச் சந்திரசேகர் பலமுறை காத்திருந்தார். எந்தக் காத்திருப்பிலும் அவர் கைகள் ஓய்ந்திருக்கவில்லை. அன்று மயிலாப்பூர் இல்லத்தில் நோய்ப்படுக்கையிலிருந்து தாய் அளித்த விடை, விண்மீன்களின் முடிவை உலகுக்கு உணர்த்திய வாழ்வின் தொடக்கமாக அமைந்தது.