கிணற்றடியிலும் பந்தியிலும் அய்யா

அய்யா துணை



பதிக்குப் போனால்தான் அய்யாவைக் காணலாம், பணிவிடை நேரத்தில்தான் அவர் நம்மோடு இருப்பார் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். அய்யாவின் திருவாழ்வை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். தண்ணீர் இறைப்பது, துணி துவைப்பது, தலையில் துண்டு கட்டுவது, கூடி உண்பது, மனம்விட்டுச் சிரிப்பது ஆகிய அன்றாடக் காரியங்களுக்குள்ளேயே அவர் நமக்கு இறைவனைக் காட்டித் தந்தார்.

1809-ஆம் ஆண்டு, இன்று சுவாமித்தோப்பு என்று நாம் வணங்கும் பூவண்டன்தோப்பில், பொன்னுமாடனுக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். எளிய குடியில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெற்றோர் பெயரை முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். பெற்ற பிள்ளையை ஆசைப்பட்ட பெயர் சொல்லிக் கொஞ்சவும் வழியில்லாத காலம் அது.

அன்றைய திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைத்த மக்களுக்குத் தலைவரி உண்டு. கூலியில்லாத ஊழியமும் உண்டு. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பெண்கள் மாராப்பு இடக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கவும் கூடாது. ஊர்ப் பொதுக் கிணறு அவர்களுக்கு இல்லை. எதிரே யார் வருகிறார்களோ என்று அஞ்சி, குனிந்து ஒதுங்கியே நடந்தவர்களுக்கு வாய்விட்டுச் சிரிக்க மனம் எங்கிருந்து வரும்?

முத்துக்குட்டி வாலிபரானபின் கடும் நோய் கண்டது. 1833-ஆம் ஆண்டு மாசி மாதம் தாயும் உறவினரும் அவரைத் தூளி கட்டிச் சுமந்து திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் கடலுக்குள் சென்று மறைந்தார். தாய் கரையிலேயே கண்ணீரோடு காத்திருந்தாள். மூன்றாம் நாள் அலைகளை விலக்கிக்கொண்டு, வைகுண்டராக அய்யா எழுந்தருளினார். இதை அகிலத்திரட்டு அம்மானை நமக்கு விரித்துச் சொல்கிறது. நம் வழிக்குக் கடல்தான் தொட்டில்.

பூவண்டன்தோப்புக்குத் திரும்பிய அய்யா ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில், அடுத்த இரண்டு ஆண்டு தரையில், கடைசி இரண்டு ஆண்டு மேடையில். பொன்னும் மணியும் அங்கே இல்லை. மண்ணும் காற்றும் பனைமரங்களுமே இருந்தன. அந்த இடத்துக்கு மக்கள் சாதி பாராமல் வந்து கூடினார்கள்.

கூட்டம் பெருகியதைக் கண்டு அரசு அஞ்சியது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைப் பிடித்துச் சென்று சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். பட்டினி கிடந்த புலியின் முன் அவரை விட்டார்கள் என்றும், புலி அவரைத் தீண்டாமல் அடங்கிக் கிடந்தது என்றும் அகிலம் சொல்கிறது. கையில் ஆயுதம் எடுக்காமல், பொறுமை ஒன்றாலேயே அய்யா அந்தச் சோதனையைக் கடந்தார். 1839-ஆம் ஆண்டு விடுதலையான அவரை மக்கள் வாகனத்தில் வைத்துத் தோளில் சுமந்து வந்தார்கள். பிறருடைய பாரத்தையே சுமந்து பழகிய தோள்கள், அன்று மகிழ்ந்து தங்கள் அய்யாவைச் சுமந்தன.

அய்யா மக்களுக்குச் சொல்லித் தந்தவை மிக எளியவை. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னார். பதியில் சிலை வைக்காமல் கண்ணாடி வைத்தார். வணங்க வந்தவன் அதில் தன் முகத்தையே கண்டான். கூலிக்காரன் முகம், பனையேறி முகம் என்று ஊர் தள்ளிய அந்த முகத்துக்குள் இறைவன் இருக்கிறான் என்று அவனுக்குப் புரிந்தது.

வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்தன. நாளுக்கு மூன்று வேளை கடலில் குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வேகவைத்து, ஒரு வேளை மட்டும் கூடி உண்டார்கள். குளிப்பும் துவைப்பும் சமையலும் எந்த வீட்டிலும் நடப்பவைதான். அய்யாவை நினைத்துச் செய்தபோது அவையே தவமாயின.

1851-ஆம் ஆண்டு வைகாசி 21-ஆம் நாள் அய்யா வைகுண்டம் எழுந்தருளினார். கிணறும் கண்ணாடியும் தலைப்பாகையும் தர்மச் சோறும் நம்மிடம் இருக்கின்றன.

மக்களே, இவற்றை வெறும் சடங்காக்கிவிட வேண்டாம். பதியில் ஒரே பந்தியில் உண்டுவிட்டு, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனிக் குவளை வைத்தால், முத்திரிக்கிணற்றை நாமே மண்போட்டு மூடியவர்கள் ஆவோம்.

காலையில் முகம் கழுவும்போது கடலை நினையுங்கள். கண்ணாடி பார்க்கும்போது பள்ளியறையை நினையுங்கள். நாமம் இடும்போது அது நம் காலடி மண்தான் என்பதை நினையுங்கள். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேளாமல் பேசிச் சிரியுங்கள். ஒருவர் இன்னொருவருக்கு அஞ்சாத இடத்தில்தான் அந்தச் சிரிப்பு வரும். அங்கே தர்மயுகத்தின் வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது.

அய்யா உண்டு.