செந்தமிழ்ப் புரவலர் பாண்டித்துரைத் தேவர்

செல்வம் படைத்தோர் உலகிற் பலர். அச்செல்வத்தின் பயன் தமக்குப் பின்னும் நிலைபெறும்படி செய்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக நம் சேது நாட்டில் தோன்றியவர், பாலவனத்தம் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவரவர்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரென்ற அளவில் அன்னாரை யாவரும் அறிவர். ஆயினும் அச்சங்கம் எழுதற்கு ஏதுவாயிருந்த நிகழ்ச்சியையும், ஒரு திருக்குறட் பதிப்பைக் குறித்து வழங்கும் வியத்தகு செய்தியையும் அறிந்தோர் மிகுதியாக இல்லை. நம் குடும்பங்களிலுள்ள இளைஞர்கள் அறிந்துகொள்ளுமாறு அவற்றை ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

தேவரவர்கள் 1867-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் பிறந்தார்கள். உக்கிரபாண்டியன் என்பது அவர்களுக்கு இடப்பெற்ற பெயர். தந்தையார் பொன்னுச்சாமித் தேவர், இராமநாதபுரம் சமஸ்தானத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்று நடத்தியவர். இசையிலும் தமிழிலும் வல்ல வித்துவான்களை ஆதரித்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைக் கொண்டு பரிமேலழகர் உரையோடு கூடிய திருக்குறளையும், திருக்கோவையார் உரையையும் அச்சிற் கொணர்வித்த பெருமை அவருக்கு உண்டு. அத்தகைய தந்தையாரைத் தேவரவர்கள் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார்கள். எனினும் தக்க ஆசிரியர்களை அடுத்துத் தமிழும் ஆங்கிலமும் கற்று, உரிய வயதில் ஜமீன் பொறுப்பை ஏற்றார்கள். தந்தையார் வைத்துச் சென்ற நிலபுலங்களோடு அவருடைய தமிழார்வமும் மைந்தருக்கு உரிமையாயிற்று.

அக்காலத்தில் தமிழ் நூல்களின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. பழைய இலக்கியங்கள் பனையேடுகளிலேயே கிடந்தன. ஏட்டுக்கு ஆயுள் குறைவு. பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. ஏடு சிதைவதற்கு முன் எவரேனும் அதனைப் பெயர்த்தெழுதாவிடின், அந்நூல் உலகினின்றும் மறைந்தே போகும். அச்சுப் பொறி வந்த பின்னரும், பதிப்பிக்கும் புலவர்க்குக் கைப்பொருள் இல்லை. உ. வே. சாமிநாதையரவர்கள் புறப்பொருள் வெண்பாமாலை, மணிமேகலை முதலிய நூல்களைப் பதிப்பித்த காலத்தில் தேவரவர்கள் பொருளுதவி புரிந்து ஊக்கினார்கள்.

இனித் திருக்குறட் செய்தியைக் கூறுவோம். ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் பயின்று, தம் பெயரைச் சுகாத்தியர் என அமைத்துக்கொண்டார். திருக்குறளிற் சில இடங்களில் எதுகை மோனை சரியாக அமையவில்லை என்று அவர் கருதித் தாமே சொற்களை மாற்றி 1889-ஆம் ஆண்டில் ஒரு பதிப்பை வெளியிட்டார். தக்கார் இன்னார், தகவிலார் இன்னார் என்பதை அறியும் வகை கூறும் குறளில், எச்சம் என்ற சொல் நிற்குமிடத்தில் எதுகை கருதி மக்கள் என்ற சொல்லை அவர் அமைத்தார் என்பர். எச்சமென்பதற்கு நன்மக்கள் என்றே பரிமேலழகரும் பொருள் கொண்டனர்; ஆதலின் இதனால் வந்த குறை யாதெனச் சிலர் வினவலாம். எச்சமென்பது ஒருவர்க்குப் பின் எஞ்சி நிற்பது. மக்களும் எச்சமே, புகழும் எச்சமே, செய்து வைத்த அறமும் எச்சமே. உரைகாரர் ஒரு பொருள் கூறினும், மூலம் இருக்குமாயின் ஏனைய பொருள்களுக்கும் வாயில் திறந்திருக்கும். மூலத்தையே மாற்றிவிட்டால் அவ்வாயில் அடைபட்டுப் போம்.

இப்பதிப்பைக் கண்டு மனம் நொந்த தேவரவர்கள், விற்பனையாகாதிருந்த பிரதிகள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்கி, ஒன்றும் பரவாதபடி தீக்கிரையாக்கினார்கள் என்று செவிவழியாக வழங்கி வருகிறது. அயல் நாட்டார்பாற் கொண்ட பகைமை இதற்குக் காரணமன்று. மூலத்தைப் பேணி 1886-இல் குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த போப்பையரைத் தமிழுலகம் போற்றவே செய்தது. திருத்தமான பதிப்புக்கள் அருகியிருந்த அந்நாளில், பிழைபட்ட நூலொன்று பரவினால் அதுவே மூலமென மக்கள் மயங்குவர் என்பதே அச்சம்.

தவறான நூலை விலக்கினால் மட்டும் போதாது; நல்ல நூல் கிடைக்குமாறும் செய்தல் வேண்டும். இதனைத் தேவரவர்களுக்கு உணர்த்தியது மதுரை மாநகரம். ஒருமுறை அங்குச் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தபோது, மேற்கோளுக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டினார்களாம். தேடிப் பார்த்தும் அவை எளிதிற் கிடைக்கவில்லை. பழைய சங்கம் இருந்து தமிழாய்ந்ததாகக் கூறப்படும் நகரிலேயே இந்நிலையா என்று அன்னார் உள்ளம் வருந்தியது. அவ்வருத்தம் வீண்போகவில்லை. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் நாள் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பெற்றது. உறவினராகிய பாஸ்கர சேதுபதி மன்னரும் துணை நின்றார். செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, 1902 முதல் செந்தமிழ் என்னும் பத்திரிகை ஆகியன சங்கத்தின் அங்கங்களாயின. இரா. இராகவையங்கார் முதலிய பெரும்புலவர்கள் ஆங்குத் தொண்டு புரிந்தனர்.

சென்னையில் ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பல்லாண்டுகள் தனித்துழைத்து அபிதான சிந்தாமணி என்னும் பேரகராதியைத் தொகுத்தார். அச்சிடுதற்குப் பொருளின்றி அது கையெழுத்தாகவே கிடந்தது. தேவரவர்கள் முன்வந்து பொறுப்பேற்க, 1910-இல் சங்கத்தின் வாயிலாக அது வெளிவந்தது. அவ்வுதவி இன்றேல் ஒரு மனிதருடைய வாழ்நாள் உழைப்பு வீணாயிருக்கும்.

தேவரவர்களின் தொண்டு ஏட்டளவில் நின்றதன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவர் கப்பல் ஓட வேண்டுமென்று வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் முயன்றபோது, 1906-இல் பதிவான சுதேசிக் கப்பற் கம்பெனிக்குத் தலைவராயிருந்தவரும் இவர்களே. ஆங்கில அரசாங்கத்தின் பகையைப் பெறக்கூடிய அப்பதவியை ஒரு ஜமீன்தார் ஏற்றது சிறு துணிவன்று.

1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் தேவரவர்கள் காலமானார்கள். ஜமீன் முறை பின்னர் ஒழிந்தது. அன்னார் நிறுவிய செந்தமிழ்க் கல்லூரியோ இன்றும் மதுரையில் மாணாக்கருக்குத் தமிழ் பயிற்றி வருகின்றது. இதுவே அவர்களுடைய எச்சம்.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரண்மேலும் பழைய பெட்டிகளிலும் ஏட்டுச் சுவடியோ, நைந்த அச்சுப் புத்தகமோ இருப்பின், குப்பையென எறிந்துவிடாதீர்கள். கற்றறிந்தார் ஒருவரிடம் காட்டுங்கள். தக்க நூல்நிலையத்தில் ஒப்படையுங்கள். தேவரவர்களைப்போலப் பெரும்பொருள் வழங்க எல்லோராலும் இயலாது. கையிலுள்ளதைக் காத்துக் கொடுத்தல் எல்லோராலும் இயலும்.