எகிப்தின் நாசர்: ஒரு கால்வாய், ஓர் அணை, ஒரு படை



மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டதும் நான் சொன்ன பெயர் கமால் அப்துல் நாசர். அவர் இன்ஜினீயர் இல்லை. ராணுவக்காரர், எகிப்தின் ஜனாதிபதி. ஆனாலும் சூயஸ் கால்வாய், அஸ்வான் அணை என்று நம் துறைக்காரர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட இரண்டு பெரிய விஷயங்களோடு அவர் பெயர் சேர்ந்தே இருக்கிறது. நான் கட்டுமான வேலையில் பதிமூன்று வருஷமாக இருக்கிறேன். கான்கிரீட்டைவிட ஆட்களைக் கட்டி மேய்ப்பதுதான் கஷ்டம் என்பது சைட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு தேசமே ஒரு மனிதரை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டது. அந்த மனிதர் யார் யாரை நம்பி எந்தெந்த வேலையைக் கொடுத்தார்? நாசர் கதையை இப்படிப் பார்த்தால் நமக்கும் அதில் பாடம் உண்டு.

தபால் ஊழியர் வீட்டுப் பிள்ளை

நாசர் 1918 ஜனவரி 15-ல் அலெக்சாந்திரியாவில் பிறந்தார். அப்பா தபால் இலாகா ஊழியர். பூர்வீகம் தெற்கே அஸ்யூத் பக்கம் பெனி முர் என்ற கிராமம். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல், பையனுக்கு அடிக்கடி புதுப் பள்ளிக்கூடம். எட்டு வயதில் தாயை இழந்தார். நாடு அப்போது பேருக்குத்தான் சுதந்திர நாடு. ராஜா உண்டு, பார்லிமெண்ட் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் படை நகராமல் உட்கார்ந்திருந்தது. 1935-ல் பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த மாணவர் ஊர்வலத்தில் ஒரு குண்டு அவர் நெற்றியை உரசிக்கொண்டு போனது. போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறியதால் ராணுவக் கல்லூரி முதல் தடவை இடம் தரவில்லை. கொஞ்ச நாள் சட்டம் படித்துப் பார்த்தார். 1937-ல் மறுபடியும் முயன்று உள்ளே போய்விட்டார். ராணுவத்தில் அவருக்குக் கிடைத்த உயிர் நண்பர் அப்துல் ஹக்கீம் ஆமர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1948 பாலஸ்தீனப் போரில் ஃபலூஜா என்ற இடத்தில் நாசரின் படைப்பிரிவு மாதக் கணக்கில் முற்றுகையில் கிடந்தது. ஊழல் பிடித்த அரசாங்கம்தான் முதல் எதிரி என்ற முடிவோடு அங்கிருந்து திரும்பினார். ரகசியமாக இளம் அதிகாரிகளைச் சேர்த்தார். 1952 ஜூலை 23 அன்று ஆட்சியைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் ஃபரூக் மன்னர் படகேறி நாட்டை விட்டே போய்விட்டார். செப்டம்பரில் நில உச்சவரம்பு வந்தது. ஒருவருக்கு 200 ஃபெதான்தான், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாரின் நிலத்தில் உழைத்த விவசாயிக்கு இது என்ன மாதிரி இருந்திருக்கும்! மக்கள் சும்மா ஒன்றும் அவரைத் தலையில் தூக்கி வைக்கவில்லை.

ஆனால் அதே வேகத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. 1953 ஜனவரியில் கட்சிகள் கலைக்கப்பட்டன. முதல் ஜனாதிபதி ஜெனரல் நகீப், கட்சிகளும் பார்லிமெண்டும் திரும்ப வரட்டும் என்ற பக்கம் சாய்ந்தார். 1954 மார்ச்சில் அதற்கு எதிராக வேலைநிறுத்தமும் ஊர்வலமும் ஏற்பாடாயின. ஒரு கும்பல் நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றத்துக்குள் புகுந்து, அதன் தலைவர் சன்ஹூரியை அடித்தது. எகிப்தின் சிவில் சட்டத்தையே எழுதிய மேதை அவர். புரட்சியின் தொடக்கத்தில் அதிகாரிகளுக்குச் சட்ட ஆலோசனை சொன்னவரும் அவர்தான்! அந்த அக்டோபரில் அலெக்சாந்திரியா கூட்டத்தில் நாசரை நோக்கி ஒருவன் சுட்டான். குறி தப்பியது. நாசர் பேச்சை நிறுத்தவில்லை. ரேடியோவில் தேசமே கேட்டது. அதன் பிறகு அவரை எதிர்க்க யாருக்கும் தெம்பில்லை. முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தார் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். நகீப் வீட்டுக் காவலுக்குப் போனார்.

கால்வாய் கைக்கு வந்தது

நைலுக்குக் குறுக்கே ஒரு பெரிய அணை கட்ட வேண்டும், அது நாசரின் கனவு. அமெரிக்கா 5 கோடியே 60 லட்சம் டாலர், பிரிட்டன் 1 கோடியே 40 லட்சம், உலக வங்கி 20 கோடி தருவதாகப் பேச்சு. இதற்கிடையே அவர் 1955-ல் செக்கோஸ்லோவாகியா வழியாக சோவியத் ஆயுதம் வாங்கினார். 1956-ல் கம்யூனிஸ்ட் சீனாவை அங்கீகரித்தார். 1956 ஜூலை 19 அன்று அமெரிக்கா கையை விரித்துவிட்டது. யூகோஸ்லாவியாவில் டிட்டோவைச் சந்தித்துவிட்டு, நம் பிரதமர் நேருவோடு கெய்ரோவுக்கு விமானத்தில் வரும்போதுதான் நாசருக்கு இந்தச் செய்தி கிடைத்தது.

பதிலுக்கு அவர் எடுத்தது சூயஸ் கால்வாய். 1869-ல் திறந்த கால்வாய். தோண்டியது எகிப்தியக் கூலிகள். கம்பெனியின் தலைமையகம் பாரிஸில். 1875 முதல் பெரிய பங்குதாரர் பிரிட்டிஷ் அரசு. கம்பெனியை எடுத்துக்கொள்ளும் பொறுப்பை மஹ்மூத் யூனிஸ் என்ற ராணுவ இன்ஜினீயரிடம் நாசர் கொடுத்தார். ஜூலை 26 மாலை அலெக்சாந்திரியாவில் நாசரின் கூட்டம். பேச்சில் லெசெப்ஸ் என்ற பெயர் வந்தால் அதுதான் சிக்னல். கால்வாயைத் தோண்டிய ஃபிரெஞ்சுக்காரரின் பெயர் அது. யாருக்கும் காதில் விழாமல் போய்விடக் கூடாதென்று நாசர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் கம்பெனி ஆபீஸ்கள் யூனிஸின் ஆட்கள் கையில்!

எகிப்தியர்களால் கப்பலை ஓட்டிக் காட்ட முடியாது என்று ஐரோப்பா நம்பியது. செப்டம்பரில் வெளிநாட்டு பைலட்டுகளில் பெரும்பாலோர் ஒரே சமயத்தில் வேலையை விட்டுப் போனார்கள். யூனிஸ் இருக்கிற எகிப்திய பைலட்டுகளையும், கூட நின்ற கிரேக்கர்களையும், புதிதாக வந்த சோவியத், யூகோஸ்லாவியக்காரர்களையும் வைத்து இரவு பகலாக வேலை வாங்கினார். கப்பல்கள் நிற்கவில்லை.

அப்புறம்தான் சண்டை. அக்டோபர் 29-ல் இஸ்ரேல் சினாயில் நுழைந்தது; பிரிட்டனும் பிரான்ஸும் குண்டு போட்டு போர்ட் சயீதில் படையை இறக்கின. அமெரிக்காவும் சோவியத்தும் அதிசயமாக ஒரே பக்கம் நின்றன. பிரிட்டிஷ் பவுண்டு ஆட்டம் கண்டது. ஐ.நா. முதன்முதலாக ஓர் அமைதிப் படையை அனுப்பியது. அதில் இந்திய ஜவான்களும் இருந்தார்கள். படைகள் வாபஸ். பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் ராஜினாமா. உலகத்தின் பெரியண்ணன் இனி பிரிட்டன் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1961-ல் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாட்டில் நேரு, டிட்டோ, சுகர்ணோவோடு நாசரும் முன்வரிசையில். பங்குதாரர்களுக்கு நஷ்ட ஈடு தரவும் 1958-ல் ஒப்பந்தம் போட்டு எகிப்து பணத்தைக் கட்டி முடித்தது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் குறுக்கே மாட்டியபோது மீட்பு வேலையை நடத்தியது, அன்று யூனிஸ் பொறுப்பில் வளர்ந்த அதே கால்வாய் ஆணையம்தான்.

அணையும் ரேடியோவும்

அணைக்கு சோவியத் கடனும் இன்ஜினீயர்களும் வந்தார்கள். 1960 ஜனவரி 9-ல் வேலை ஆரம்பம், 1970 ஜூலையில் முடிவு. பாறையும் மண்ணும் நிரப்பிய அணை; உயரம் 111 மீட்டர், நீளம் 3.8 கிலோமீட்டர், அடி அகலமே 980 மீட்டர்! 12 டர்பைன்கள், 2100 மெகாவாட். 1980-களில் ஆப்பிரிக்கா வறட்சியில் வாடியபோது எகிப்தைக் காப்பாற்றியது இந்த ஏரித் தண்ணீர். ஆனால் நூபியர்கள் சுமார் 50,000 பேர் எகிப்தில் ஊரை இழந்தார்கள். வண்டல் நின்றுபோய் வயலுக்கு உர மூட்டை தேவைப்பட்டது, கடலோரம் அரித்தது. கணக்கில் இரண்டு பக்கமும் உண்டு.

1956-ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1962-ல் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் ஆனது. பட்டதாரிக்கு அரசு வேலை உறுதி என்றார்கள். ஆயிரம் ஆண்டு பழமையான அல் அஸ்ஹர் மதக் கல்வி நிலையத்தில் 1961 சட்டத்தால் மருத்துவமும் இன்ஜினீயரிங்கும் சேர்ந்தன. தபால் ஊழியர் மகன் மற்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளை மறக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே கையால் 1960-ல் பத்திரிகைகளை அரசின் ஒரே கட்சிக்குக் கீழே கொண்டுவந்தார். பார்லிமெண்டில் யார் நிற்கலாம் என்பதை அந்தக் கட்சியே தீர்மானித்தது. ஜனாதிபதி தேர்தல் என்றால் ஒரே பெயர், ஆம் அல்லது இல்லை, முடிவு 99.9 சதவீதம். 1953-ல் ஆரம்பித்த அரபுகளின் குரல் வானொலி, அவர் பேச்சை அரபு உலகத்து டீக்கடை வரை கொண்டுபோனது. அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்டது. மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கிற வழிகள்தான் ஒவ்வொன்றாக அடைந்துபோயின.

ஆறே நாளில்

இப்போது ஆமர். 1953-ல் மேஜராக இருந்தவரை, 33 வயதில், நாசர் ஒரே தாவலில் மேஜர் ஜெனரலாக்கித் தலைமைத் தளபதி ஆக்கினார். காரணம் ஒன்றுதான்: ஆமர் தன்னைக் கவிழ்க்க மாட்டார். 1956 போரில் ஆமர் சோபிக்கவில்லை. எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இணைந்திருந்தபோது சிரியாவைக் கவனிக்கப் போனார். 1961-ல் அங்கே புரட்சி நடந்து அவரையே வெளியேற்றினார்கள், இணைப்பும் முறிந்தது. அப்போதும் பதவி போகவில்லை. 1962-ல் நாசர் அவர் பிடியைக் குறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். படை ஆமரின் சொந்தத் தோட்டம் ஆகிவிட்டிருந்தது. அதே வருஷம் ஏமன் சண்டைக்குள் வேறு இறங்கினார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சைட்டில் 28 நாள் க்யூப் டெஸ்ட் ரிசல்ட் ஒருநாள்கூட ஃபெயில் வந்தது கிடையாது. காரணம் ரொம்ப சிம்பிள். குவாலிட்டி இன்ஜினீயரின் இன்கிரிமெண்ட்டைப் போடுபவரே கான்கிரீட் போடும் சைட் இன்சார்ஜ். நாசரின் எகிப்தில் படையின் நிலைமையை அளந்து சொல்ல வேண்டிய பத்திரிகை, பார்லிமெண்ட் எல்லாம் அந்த குவாலிட்டி இன்ஜினீயர் நிலைமையில்தான் இருந்தன.

1967 மே மாதம் நாசர் டிரான் நீரிணையை இஸ்ரேல் கப்பல்களுக்கு மூடினார். படை தயார் என்று ஆமர் சொல்லியிருந்தார். ஜூன் 5 காலை சில மணி நேரத்தில் எகிப்திய விமானப் படை தரையிலேயே எரிந்துபோனது. ரேடியோவோ எதிரி விமானங்களை டஜன் கணக்கில் சுட்டதாக முழங்கியது. உண்மை நாசருக்கே பல மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஆறு நாளில் சினாய் போனது, பத்தாயிரம் வீரர்கள் அளவில் போனார்கள். கால்வாய் மூடியது, 14 கப்பல்கள் நடு ஏரியில் வருஷக்கணக்கில் மாட்டிக்கிடந்தன. 1975 ஜூன் 5 வரை அது திறக்கவில்லை.

ஜூன் 9 இரவு நாசர் டி.வி.யில் ராஜினாமா சொன்னார். லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கி அழுதார்கள். மறுநாள் திரும்பி வந்தார். ஆமர் செப்டம்பரில் இறந்தார். தற்கொலை என்றது அரசு, குடும்பத்தார் ஏற்கவில்லை.

1968 பிப்ரவரியில், தோற்ற தளபதிகளுக்கு லேசான தண்டனை என்று கேட்டதும் தொழிலாளர்களும் மாணவர்களும் வீதிக்கு வந்தார்கள். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியவர்கள் யார் தெரியுமா? இன்ஜினீயரிங் மாணவர்கள்! அவர்கள் கேட்டது பத்திரிகைச் சுதந்திரமும் நிஜமான பார்லிமெண்டும். நாசர் திறந்துவிட்ட இலவசக் கல்லூரியில் படித்த பிள்ளைகள், நாசர் மூடிய கதவைத் தட்டினார்கள். சீர்திருத்தம் வரும் என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் 1969-ல் சுதந்திரமாகப் பேசிய நீதிபதிகள் உட்பட சுமார் 200 பேர் நீதித்துறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1970 செப்டம்பர் 28 அன்று, ஜோர்டான் சண்டையை நிறுத்த அரபுத் தலைவர்களைக் கூட்டிப் பேசி வழியனுப்பிய அன்றே, மாரடைப்பில் காலமானார். வயது 52. பல லட்சம் பேர் கலந்துகொண்ட இறுதி ஊர்வலம். தனக்கென்று சொத்து சேர்க்காத மனிதர் என்பதை எதிரிகளும் மறுப்பதில்லை.

யூனிஸும் ஆமரும் இருவருமே ராணுவக்காரர்கள், இருவருமே நாசரின் நம்பிக்கைக்கு உரியவர்கள். யூனிஸின் வேலையை தினமும் கடந்து போன கப்பல்கள் சோதித்தன. ஒரு நாள் கோளாறு என்றால் உலகத்துக்கே தெரியும். ஆமரின் வேலையைச் சோதிக்க ஜூன் 5 வரை யாரும் இல்லை. நல்ல தலைவர், நேர்மையானவர், மக்கள் செல்வாக்கு உள்ளவர் என்பதெல்லாம் அந்தச் சோதனைக்கு ஈடாகாது.

படிப்பை முடித்து வெளியே வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்களுக்குக் கீழேயும் பத்துப் பேர் இருப்பார்கள். தப்பு என்று தைரியமாகச் சொல்கிற ஆளுக்கு சம்பள உயர்வு போடுகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டைப் பற்றிப் பேசும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்.