திரவப் படிக மேதை சிவராமகிருஷ்ண சந்திரசேகர்

கணக்குப்பொறியின் முகப்பில் கறுப்பு எண்கள் தோன்றி மறைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கைக்கடிகாரத்திலும் கணினித் திரையிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் இதே விந்தை நடைபெறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில், தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத மெல்லிய ஏடாக ஒரு பொருள் அடைக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் திரவப் படிகம் என்று பெயர். அந்தப் பொருளின் இயல்பை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானியின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் ஆராய்ச்சி செய்த இடம் எங்கோ கடல் கடந்த நாட்டில் இல்லை. நம் பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ்ஸில் சென்றால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் பெங்களூர்தான் அது.

சந்திரசேகர் என்றதும் விண்மீன்களை ஆராய்ந்து 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் நம் நினைவுக்கு வருவார். நாம் கூறப்போவது அவரை அன்று. அவருடைய உறவினரான சிவராமகிருஷ்ண சந்திரசேகரை. இவர் 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தாயார் சீதாலட்சுமி, சர் சி. வி. இராமனின் உடன்பிறந்த தங்கை. மாமனின் அறிவுத் தாகம் மருமக்கள் பலரையும் தொற்றிக்கொண்டது. தமையனார் இராமசேஷன் படிக இயலில் சிறந்து விளங்கினார். தம்பி பஞ்சரத்தினம் ஒளியியலில் அரிய உண்மைகளைக் கண்டு, 35 வயதிலேயே மறைந்தார்.

சந்திரசேகர் நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று 1951இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின்னர் பெங்களூரில் இராமன் நிறுவியிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் மாமனிடமே மாணவராகச் சேர்ந்தார். படிகங்கள் ஒளியை எவ்வாறு திருப்புகின்றன என்பதே அவருடைய முதல் ஆராய்ச்சி. 1954இல் நாகபுரிப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது. அதன் பின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் நகரின் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி டாக்டர் பட்டம் பெற்றார். இலண்டனிலும் சில காலம் ஆராய்ச்சி செய்தார்.

வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் 1961இல் தாயகம் திரும்பினார். மைசூர்ப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய பௌதிகத் துறைக்கு முதல் தலைவரானார். அங்கேதான் திரவப் படிகங்களின்பால் அவர் மனம் சென்றது.

திரவப் படிகம் என்றால் என்ன? நம் பள்ளியையே உவமையாகக் கொள்வோம். காலை வழிபாட்டின்போது மாணவியர் வரிசை வரிசையாக, குறித்த இடத்தில், ஒரே திசையை நோக்கி நிற்கிறோம். படிகத்தில் மூலக்கூறுகள் இப்படித்தான் நிற்கின்றன. மதிய மணி அடித்ததும் இடமும் திசையும் மறந்து ஓடுகிறோம். இது திரவத்தின் நிலை. ஊர்வலமாகச் செல்லும்போது வரிசை சற்றுக் கலைந்தாலும், ஒருவரை ஒருவர் முந்தினாலும், எல்லோர் முகமும் ஒரே திசையையே நோக்கியிருக்கும் அல்லவா? திரவப் படிகத்தின் மிக எளிய வகை இத்தகையது. அது திரவம் போல் ஓடும். ஒளியிடம் படிகம் போல் நடந்துகொள்ளும்.

இந்த நடுநிலையை முதலில் கண்டவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் ரைனிட்ஸர். சி. வி. இராமன் பிறந்த அதே 1888ஆம் ஆண்டில், கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு பொருளை அவர் சூடாக்கினார். ஏறத்தாழ 145 டிகிரி செல்சியசில் அது உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. ஏறத்தாழ 178 டிகிரியில் அந்தக் கலக்கம் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகுவது போன்ற இந்தக் காட்சி அறிஞர்களை வியக்க வைத்தது. எனினும் அதனால் பயன் ஏதும் இருப்பதாகப் பல ஆண்டுகள் எவரும் எண்ணவில்லை. 1968இல் அமெரிக்காவில் ஹைல்மையர் என்பவரின் குழு திரவப் படிகத்தைக் கொண்டு எண்களைக் காட்டும் கருவியைச் செய்து காட்டியது. உலகின் பார்வை அதன் பிறகே இப்பக்கம் திரும்பியது. சந்திரசேகரும் அவருடைய மாணவர் மதுசூதனாவும் அதற்கு முன்பே மைசூரில் இத்துறையில் இறங்கியிருந்தனர்.

1970இல் சர் சி. வி. இராமன் மறைந்தார். மறு ஆண்டு சந்திரசேகர் தாம் பயின்ற அதே இராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, திரவப் படிக ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். பௌதிகம் மட்டும் தெரிந்தால் போதாது, புதிய பொருள்களைத் தாமே சமைத்துக்கொள்ளும் வேதியியலும் அதே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே இரு துறையினரும் அங்கே தோளோடு தோள் நின்று உழைத்தனர்.

அந்த உழைப்பு 1977இல் கனிந்தது. நீண்டு மெலிந்த குச்சி போன்ற மூலக்கூறுகளே திரவப் படிகம் ஆகும் என்பது அதுவரை பல பத்தாண்டுகளாக வழங்கிவந்த கொள்கை. ஆயிரக்கணக்கான பொருள்கள் அதற்குச் சான்றாக இருந்தன. வட்டத் தட்டுப் போன்ற மூலக்கூறு ஏன் திரவப் படிகம் ஆகக் கூடாது என்று சந்திரசேகரின் குழு வினவியது. வேதியியலார் சதாசிவா, நடுவில் பென்சீன் வளையமும் சுற்றிலும் ஆறு நீண்ட வால்களும் கொண்ட பொருள்களை உருவாக்கினார். சந்திரசேகரும் சதாசிவாவும் சுரேஷும் அவற்றை நுண்ணோக்கியாலும் எக்ஸ் கதிர்களாலும் சோதித்தனர். அவர்கள் ஐயம் வீண் போகவில்லை. உணவுக்கூடத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பது போல் மூலக்கூறுகள் தூண் தூணாக அடுக்கப்பட்டிருந்தன. தூண்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்கான முறையில் நின்றன. ஆனால் ஒவ்வொரு தூணுக்குள்ளும் தட்டுகளின் இடைவெளி திரவத்தில் போல் ஒழுங்கின்றி இருந்தது. இயற்கையின் புதியதொரு நிலையை மனிதன் கண்டான்; அதைக் கண்ட இடம் பெங்களூர்.

இத்தகைய கண்டுபிடிப்பை மேல்நாட்டு இதழுக்கு அனுப்பியிருந்தால் எளிதில் இடம் கிடைத்திருக்கும். அவர்களோ இந்திய விஞ்ஞானக் கழகம் பெங்களூரிலிருந்து வெளியிடும் பிரமாணா இதழில் அதை வெளியிட்டார்கள். அவ்விதழ் தொடங்கி அப்போது 4 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடிப் படித்தார்கள்; இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாட்களைக் கழித்து 1925இல் கண்மூடிய மண்ணில் வாழும் நமக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். நல்ல சரக்கு இருந்தால் நம் வீட்டு வாசலுக்கே உலகம் வரும்.

அதே 1977இல் திரவப் படிகங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அத்துறையில் நுழைவோர் முதலில் கையில் எடுக்கும் நூல்களுள் ஒன்றாக அது விளங்கியது. 1992இல் வந்த இரண்டாம் பதிப்பில் வட்டு மூலக்கூறுகளுக்கென்று ஒரு தனி அதிகாரமே சேர்ந்தது.

வட்டு மூலக்கூறுகளால் பயன் உண்டா என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். திரையின் இருபுறமும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள் குறுக்கு நெடுக்காக ஒட்டப்பட்டுள்ளன. முதல் தாளைக் கடந்த ஒளி இரண்டாவதில் தடைபட வேண்டும். ஆனால் நடுவில் உள்ள குச்சி மூலக்கூறுகள் படிப்படியாக முறுக்கி நின்று, ஒளியின் அதிர்வையும் திருப்பி வெளியே விடுகின்றன. சிறிதளவு மின்னழுத்தம் தந்தால் அவை நிமிர்ந்துவிடும், ஒளி தடைபடும், அந்த இடம் கறுக்கும். கணக்குப்பொறியின் எண் இப்படித்தான் தோன்றுகிறது. திரவப் படிகம் தானே ஒளி வீசுவதில்லை. ஆகவே அதற்கு வேண்டிய மின்சாரமும் மிகக் குறைவு.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. திரையை நேராகப் பார்த்தால் படம் தெளிவாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறிவிடும். சாய்வாகச் செல்லும் ஒளியைக் குச்சி மூலக்கூறுகள் வேறு விதமாகப் பாதிப்பதே காரணம். 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வட்டு மூலக்கூறுகளைக் கொண்டு ஒரு மெல்லிய தாள் செய்து திரையின்மேல் பொருத்தியது. குச்சிகள் செய்யும் குழப்பத்தை வட்டுகள் எதிர்த்திசையில் ஈடு செய்தன. பெங்களூரில் ஆராய்ந்த அதே பொருள் அன்று அது. ஆயினும் அதே குலத்தைச் சேர்ந்தது. அறிவுக்காகக் கேட்ட ஒரு கேள்வி ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின் கோடிக்கணக்கான மக்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பட்டங்களும் பதக்கங்களும் அவரை நாடி வந்தன. 1972இல் பட்நாகர் பரிசு பெற்றார். 1983இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1994இல் அக்கழகத்தின் இராயல் பதக்கம் கிடைத்தது. 1990இல் அமைந்த அனைத்துலகத் திரவப் படிகக் கழகத்துக்கு அவரே முதல் தலைவர். 1998இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது.

ஓய்வு பெறும் வயதிலும் அவர் ஓயவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு பெங்களூர் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். பெயரும் இடமும் மாறி, துறைகள் விரிந்து, அது இன்றும் நடைபெறுகிறது. 2004ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் அவர் பெங்களூரில் காலமானார்.

தோழியரே, அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியாயினும், ஏன் வேறு விதமாக இருக்கக் கூடாது என்று பணிவோடு கேட்கலாம்; கேட்டபின் அதைச் சோதிக்கும் பொறுமையும் வேண்டும். நம் வட்டாரத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைப்பு நாடிச் செல்வோர் பலர். ஆராய்ச்சி நாடிச் செல்லும் பெண்களும் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும். பத்தாம் வகுப்போடு போதும் என்று மகளை நிறுத்த நினைக்கும் பெற்றோர், அவள் கேட்கும் கேள்விகளை ஒருமுறை காது கொடுத்துக் கேட்பார்களாக. நாளைய உலகம் தேடும் விடை அவற்றுள் ஒன்றில் இருக்கலாம்.